கண்ணுக்கு ஒரு பங்கு

நஜ்லாவின் வாயிலிருந்து நல்ல சொல் ஒன்றைப் பிடுங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "தார்" என்பாள். ரோட்டில் ஊற்றும் தார்தான். மோசமான நாளை அப்படிச் சொல்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் மற்றவர்கள் பல்வலி வந்தால் சொல்வார்கள், பஸ் தவறினால் சொல்வார்கள். இவள் தன் சொந்தத் தம்பி கல்யாணத்தில் புது உடுப்பு போட்டு நின்றுகொண்டு, வாய் நிறையப் பாதாம் மிட்டாயோடு, "தார்" என்றவள்.

மகள் விஷயத்திலும் அப்படித்தான். மூன்று வயதுப் பெண்ணுக்கு ஜீஹான் என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டு, நாலு பேர் முன்னால் "கந்தல்" என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் கந்தலுக்கு இமை முடி கன்னத்தைத் தொடும். தலை முழுக்கச் சுருட்டை. யாராவது "என்ன கண்ணு இது!" என்று வாயெடுத்தால் போதும், குழந்தையின் முகத்தைத் தன் முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு, "மூக்கு ஒழுகுது, பல்லெல்லாம் சொத்தை, அழுது ஊரைக் கூட்டுது," என்று ஒப்பிப்பாள். பல்லில் ஒரு சொத்தையும் கிடையாது.

நான் அவாதிஃப். எகிப்தில், தன்தா ஊரில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக நர்ஸ். எல்லோரும் மிஸ் என்று கூப்பிடுவார்கள். குடல் குறைந்த குழந்தைகளுக்கான திங்கட்கிழமைக் கிளினிக்கை நடத்துவது நான். டாக்டர் லபீப் தான்தான் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும்.

பிறந்தவுடன் குடல் முறுக்கியோ அழுகியோ பெரும்பகுதியை வெட்டி எடுக்கப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். மிச்சக் குடல் சிறியது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியே போய்விடும். அதனால் நெஞ்சில் ஒரு குழாய் வைத்து, பையிலிருந்து சத்தை நேராக ரத்தத்தில் ஏற்றுவோம். அந்தப் பைதான் அவர்களைக் காப்பாற்றுகிறது. அதே பைதான் நாளாக ஆக ஈரலைக் கெடுக்கிறது. குழாயில் கிருமி புகுந்தால் காய்ச்சல், உடனே குழாயை எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும், அப்படி வைக்கத் தோதான ரத்த நாளங்களோ உடம்பில் ஐந்தாறுதான். ஆகவே எந்தத் தாயும் கேட்பது ஒரே கேள்வி. இந்தப் பிள்ளை பையை விட்டு வருமா, வராதா?

அதைச் சொல்ல டாக்டர் லபீப் ஒரு தாள் வைத்திருக்கிறார். ஐந்து கட்டம். எவ்வளவு குடல் மிச்சம், சிறுகுடல் முடிகிற இடத்து வால்வு இருக்கிறதா, பெருங்குடல் முழுசா, ஈரல் எப்படி, ஒரு நாளில் எத்தனை கிராம் வெளியே போகிறது. எல்லாவற்றையும் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் சொல்வார். "நான் ஜோசியக்காரன் இல்லம்மா," என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆனால் தாய்மார் அவர் வாயைப் பார்க்கிற பார்வை ஜோசியக்காரனைப் பார்க்கிற பார்வைதான்.

ஜீஹானுக்கு மிச்சம் முப்பத்தோரு சென்டிமீட்டர். வால்வு இருந்தது, பெருங்குடலும் முழுசாக இருந்தது. இந்த மூன்று கட்டத்தை மட்டும் பார்த்தால் அவள் இரண்டு வயதிலேயே பையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. காரணம் கடைசிக் கட்டம். அந்தக் கட்டம் நஜ்லாவின் நோட்டிலிருந்து வந்தது.

எங்கள் வார்டில் ஒரு நர்ஸுக்குப் பதினான்கு குழந்தைகள். டயப்பரை நிறுப்பதும் எழுதுவதும் தாய்மார் வேலை. வீட்டுக்குப் போன பிறகு கேட்கவே வேண்டாம். மற்றவர்கள் மருந்து டப்பாவின் அட்டையைக் கிழித்துக் கிறுக்கிக்கொண்டு வருவார்கள். நஜ்லா அப்படியல்ல. பக்கத்து ஊரான மஹல்லாவில் ஒரு நெசவாலையில் பன்னிரண்டு வருடம் துணி பார்த்தவள். விளக்குப் பலகைமேல் ஓடும் துணியில் அறுந்த நூல், தடித்த நூல், எண்ணெய்க்கறை எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கட்டம் போட்ட நோட்டில் குறிப்பது அவள் வேலை. அதே மாதிரி நோட்டில், அதே மாதிரி பொடி எழுத்தில், தேதி, நேரம், கிராம். மூன்று வருடத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. நான் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டி மற்ற தாய்மாரைத் திட்டியிருக்கிறேன். குறிப்பாக யாஸீனின் அம்மா உம்மு யாஸீனை. "பாருடி, இதுதான் நோட்டு. நீ கொண்டு வர்றது பலசரக்குக் கடைக் காகிதம்."

"உங்க நஜ்லாவைக் கண்ணாடிப் பெட்டியில வைங்க மிஸ்," என்பாள் உம்மு யாஸீன். "தூசி பட்டுடப் போகுது."

அந்த நோட்டின்படி ஜீஹானுக்கு ஒரு நாளில் ஐந்நூற்றைம்பது, அறுநூறு கிராம் வெளியே போனது. பதினோரு கிலோ பிள்ளைக்கு அது மிக அதிகம். வெளியே போகப் போக டாக்டர் பையைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். குழந்தை எடை ஏறியது. பை பெரிதானதால் ஏறுகிறது என்று நினைத்தோம். போன குளிர்காலத்தில் அவளுடைய கண்ணின் வெள்ளை மஞ்சளானது. நான்காவது கட்டமும் கெட்டது. அதற்குள் குழாயை நான்கு தடவை மாற்றியிருந்தோம். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அவளை வார்டில் சேர்ப்போம், மருந்தில் வயிறு இன்னும் போகும். அதனால் நாங்கள் எப்போது நிறுத்துப் பார்த்தாலும் அந்த நோட்டு சரியாகத்தான் இருந்தது.

வசந்தம் முடிகிற சமயம் டாக்டர் லபீப் தாளைப் பார்த்துச் சொன்னார். "நூத்துக்குப் பன்னெண்டு."

நஜ்லா அந்த எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"காலம் கடத்தக் கூடாது," என்றார் டாக்டர். "இருபதாம் தேதி கெய்ரோவுலேர்ந்து ஒரு சர்ஜன் வர்றார். வீங்கியிருக்கிற குடலை அங்கங்க வெட்டித் தைச்சு நீளமாக்குவாங்க."

"நீளமாக்குறதுக்கு வெட்டுறதா?"

"ஆமா."

"எங்க மில்லுல துணியை நீட்ட யாரும் கத்திரி எடுத்ததில்ல டாக்டர்."

"இது துணி இல்லம்மா."

"இருக்கிறதே ஒரு முழம்," என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு மயக்கம் வந்து, புருஷன் ஃபத்ஹீ தண்ணீர் தெளித்து எழுப்பினான் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

இருபதாம் தேதிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது கெய்ரோவிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிட்ருலின் என்று ஒரு சத்து. குடல் உயிரோடு வேலை செய்தால்தான் அது ரத்தத்தில் இருக்கும். பதினைந்துக்கு மேல் இருந்தால் நல்ல சகுனம். ஜீஹானுக்குப் பத்தொன்பது.

"லேப்புல மாத்திட்டாங்க," என்றார் டாக்டர். "இவ்வளவு வெளிய போற குடலுக்குப் பத்தொன்பது வராது."

"நோட்டு தப்பா இருந்தா?"

"நஜ்லா நோட்டா? ஃபிரேம் போட்டு மாட்டணும்னு சொன்னது நீங்கதானே மிஸ் அவாதிஃப்?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர மூன்று வாரம். கத்தி வருவது பதினோரு நாளில். அன்று வீட்டில் பீன்ஸை அடுப்பில் வைத்துவிட்டு அடிபிடிக்க விட்டேன். அறுவைக்கு முந்திய சோதனைகள் என்று சொல்லி ஜீஹானை வார்டில் சேர்க்கச் சொன்னேன். காய்ச்சல் இல்லாமல் அவள் வார்டில் படுத்தது அதுதான் முதல் தடவை.

"டயப்பரைக் கட்டிலுக்கு அடியில வை. நான் எடுத்துக்கிறேன்," என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு மிஸ் இந்த நாத்தம்?"

"இருபத்தாறு வருஷமா நான் என்ன ரோஜாப்பூவா பறிச்சிட்டிருக்கேன்?"

அவள் முகம் வெளுத்தது. ஆனால் தன் நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. நான் எடுப்பதற்கு முன்னால் அவளும் எடை பார்த்துவிடுவாள். நான் எடை பார்த்ததை என் பையிலிருந்த துண்டுத்தாளில் எழுதிக்கொண்டேன். முதல் நாள் என் தாளில் இருநூற்றெழுபது, அவள் நோட்டில் ஐந்நூற்று நாற்பது. இரண்டாம் நாள் இருநூற்றறுபது, ஐந்நூற்றிருபது. மூன்றாம் நாள் இருநூற்றெண்பத்தைந்து, ஐந்நூற்றெழுபது. ஒரு கிராம் பிசகவில்லை. பொய் எழுதும்போதும் அவள் கை சுத்தம்.

துணி அடுக்கும் அறைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவள் முதலில் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சத்தமா படிக்காதீங்க மிஸ்."

"நான் வாயே திறக்கல. எதுக்குடி ரெண்டு மடங்கு?"

"பாதி அவளுக்கு," என்றாள். "பாதி கண்ணுக்கு."

எனக்கு உடனே புரிந்தது, அதுதான் கேடு. வேறு ஊர்க்காரியாக இருந்தால் புரிய நாளாகியிருக்கும். நல்லதைச் சொன்னால் கண் பட்டுவிடும். கெட்டதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் கண் அதைத் தின்றுவிட்டுப் போய்விடும். என் அம்மா எங்கள் கோழி முட்டையிடுவதைக்கூடப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னதில்லை. டாக்டர் லபீப் படித்த மனுஷன், அவர் கார் கண்ணாடியில் சிலுவைக்குப் பக்கத்திலேயே கண் படாமலிருக்க நீல மணி தொங்குகிறது. ஆனால் ஆஸ்பத்திரி நோட்டில், கிராம் கணக்கில், மூன்று வருடமாக!

"மில்லுல அப்படித்தான் மிஸ்," என்றாள். "ஒரு பழுதும் இல்லாத துணி வந்தா நாங்களே ஒண்ணு சேர்த்து எழுதிடுவோம். சுத்தமா இருக்குன்னு எழுதினா மேஸ்திரி நம்ப மாட்டான். சுருளைப் பிரிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, அவனே கிழிச்சு வைப்பான்."

பிறகு ஏழாம் நாளைச் சொன்னாள். குழந்தை பிறந்த ஏழாம் நாள் விழா. முப்பது பெண்கள் கூடியிருக்கிறார்கள். பிள்ளையைச் சல்லடையில் கிடத்தி, காதருகே உரலை இடித்து, வாசல் வரை உப்புத் தூவியாகிவிட்டது. ஆறு வருடம் காத்துப் பெற்ற பிள்ளை. பால் போதுகிறதா என்று யாரோ கேட்டார்கள். நஜ்லா எல்லோரும் கேட்க, வாய் கொள்ளாச் சிரிப்போடு சொன்னாள். "ஒரு சொட்டு மிச்சம் வைக்கிறதில்ல!" பிற்பகல் தொழுகைகூட முடியவில்லை, அதற்குள் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தது. பால் அதிகமாகிவிட்டது என்றார்கள் பெண்கள். மறுநாள் மதியம் எங்களிடம் வந்தபோது குடல் கறுத்திருந்தது.

"அது கண்ணு இல்லடி. குடல் சரியா உட்காராமப் பிறந்திருக்கு. உன் வயித்துக்குள்ளேயே அப்படித்தான் இருந்தது."

"தெரியும். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். எல்லாம் தெரியும் மிஸ். ஆனா அன்னிக்கு ஏன்? ஆறாம் நாள் இல்லாம, எட்டாம் நாள் இல்லாம, நான் வாயைத் திறந்த அன்னிக்கு ஏன்?"

எனக்குக் கோபம் வந்தது.

"கேளு. நீ கண்ணுக்குன்னு எழுதின பாதியை டாக்டர் நிஜம்னு நம்பினார். அந்தப் பாதிக்கும் சேர்த்துப் பையில போட்டார். அது எங்க போச்சு தெரியுமா? அவ ஈரலுக்குப் போச்சு."

"அந்த மஞ்சள்..."

"ஆமா."

அடுக்கி வைத்த போர்வைகள்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. நோட்டின் அட்டையை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்படிப் போட்டு உடைத்திருக்க வேண்டியதில்லை. என் கோபத்தில் பாதி என்மேல்தான். அந்த நோட்டை மூன்று வருடம் கொடி மாதிரி தூக்கிப் பிடித்தவள் நான். ஒரு தடவை, ஒரே ஒரு நல்ல நாளில், நானே நிறுத்துப் பார்த்திருக்கலாம்.

இரண்டு கணக்கையும் காட்டியதும் டாக்டர் லபீப் கத்தினார். வார்டு முழுக்கக் கேட்டது. பிறகு உட்கார்ந்து தாளை மறுபடி போட்டார். நூற்றுக்கு எழுபத்துநாலு.

"அறுவையைத் தள்ளி வைக்கிறேன். ரத்து பண்ணல," என்றார். "ஆறு வாரம். பையைப் பாதியாக்குறோம், அப்புறம் கால். தினம் எவ்வளவு போகுதுன்னு மிஸ்ஸுக்கு மெசேஜ் அனுப்பு. முந்நூறுக்குள்ள நின்னு, எடையும் குறையலேன்னா பையை நிறுத்திடலாம். இல்லேன்னா அடுத்த தடவை சர்ஜன் வரும்போது ஆபரேஷன் மேஜைதான். இந்தத் தடவை கூட்டி எழுதினா வீணா வெட்டுவோம். பயந்து போய்க் குறைச்சு எழுதினா பிள்ளை நம்ம கண்ணு முன்னாலேயே வத்திப் போகும். புரியுதா?"

"புரியுது."

"கடைசித் திங்கட்கிழமை நீ வரணும். நோட்டு வேண்டாம். என் மூஞ்சியைப் பார்த்து வாயால சொல்லணும்."

"எழுதித் தர்றேனே டாக்டர். ஒழுங்கா எழுதித் தர்றேன்."

"உன் எழுத்தை நான் மூணு வருஷம் நம்பினேன். வாயால சொல்லு."

கத்தி வருகிறது என்றபோதுகூட அவள் முகத்தில் அப்படிப் பயம் இல்லை.

அந்த ஆறு வாரத்தில் நான் இளைத்துப்போனேன். காலையில் மெசேஜ் வரும்: 280. 265. 290. நான் போன் போடுவேன். "எப்படி இருக்கா?"

"தார்."

இந்தத் தார் நிஜத் தாரா, கண்ணுக்கான தாரா? எண் நன்றாக இருக்கிறது, வாய் மோசம் என்கிறது. எதை நம்புவது? மஹல்லா பக்கம் போகிற தெரிந்த டிரைவரிடம், அவர்கள் வீட்டு ஜன்னலில் அந்தப் பிள்ளை தெரிகிறதா பார் என்று சொல்லியனுப்பினேன். "ஜன்னலைத் துணி போட்டு மூடியிருக்காங்க மிஸ்," என்றான். மூடாமல் என்ன செய்வாள்?

நான்காம் வாரம் ஒரு நாள் மெசேஜ் வரவில்லை. கிளினிக்கில் ஒரு பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மோசம் மிஸ். ரொம்ப மோசம்."

"சரி, சரி. தார்தானே? அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டேன்.

உடனே மறுபடி அடித்தது.

"மிஸ், வைக்காதீங்க. தொள்ளாயிரம். கண்ணுக்குப் பங்கு வைக்காம சொல்றேன். நேத்து சாயங்காலத்துலேர்ந்து தொள்ளாயிரம்."

ஊசியைத் தட்டில் வைத்தேன். "அழுதா கண்ணீர் வருதா?"

"வரல."

"கிளம்பு. இப்பவே."

ஃபத்ஹீ பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மைக்ரோபஸ்ஸில் வந்தான். கண் குழி விழுந்து, உதடு காய்ந்து, தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஊசிக்கு ரத்த நாளம் கிடைக்கவில்லை. நெஞ்சுக் குழாய் இருந்ததால் பிழைத்தாள். நடந்தது என்ன என்று பிறகு தெரிந்தது. ஃபத்ஹீயின் சித்தப்பா நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறார். வெறுங்கையோடு வருவாரா? எல்லோரையும் போல ஒரு பெட்டி கொய்யா ஜூஸ். அதைக் கட்டிலடியில் வைத்திருக்கிறார்கள். கந்தல் உள்ளே ஊர்ந்துபோய் நாலு பாக்கெட்டைக் கடித்துக் குடித்திருக்கிறாள். அந்தச் சர்க்கரை இருக்கிற தண்ணீரையெல்லாம் குடலுக்கு இழுத்துக்கொண்டது.

மறுநாள் தேறிவிட்டாள். டாக்டர் லபீப் தாளை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "இது குடலோட தப்பு இல்ல, சித்தப்பாவோட தப்பு," என்றார். "ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் காத்திருக்க மாட்டேன்." நஜ்லா தலையாட்டினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. முதல் போனை நான் வைத்ததும் அவள் சும்மா இருந்திருந்தால்? அதை இன்றைக்கும் என்னால் முழுசாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

கடைசித் திங்கட்கிழமை வந்தது. கிளினிக் அறையின் கூரை ஒழுகியதால் ஒரு மாதமாக நடைபாதையில்தான் மேஜை. பெஞ்சு முழுக்கத் தாய்மார், ஏழு பேர், எல்லோர் மடியிலும் பிள்ளை, எல்லாப் பிள்ளைக்கும் பை. இவர்கள் முன்னால் நஜ்லா சொல்ல வேண்டும். வார்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. நடந்தது எல்லாமே எல்லோருக்கும் தெரியும்.

ஜீஹானை நான் தராசில் நிறுத்தினேன். பதினோரு கிலோ நானூறு. ஆறு வாரத்தில் இருநூறு கிராம் கூடியிருக்கிறது. கண்ணில் மஞ்சள் வெளிறியிருந்தது. டாக்டர் ஐந்தாவது கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"சொல்லு நஜ்லா. எப்படி இருக்கா? எவ்வளவு?"

நஜ்லா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். "தா..." என்று வந்தது. மூடிக்கொண்டாள். டாக்டரின் பேனா அசையவில்லை. பெஞ்சில் ஏழு ஜோடிக் கண்கள் அவள்மேல். அந்தக் கண்களில் என்ன இருக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையை விட்டு வராத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, விட்டு வருகிற பிள்ளையைப் பார்க்கிற கண். நல்லவர்கள்தான் எல்லோரும். கண் நல்லவர்களைக் கேட்டுக்கொண்டா படும்? சொல்லிவிடு என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு.

உம்மு யாஸீன்தான் எழுந்தாள். பலசரக்குக் காகிதக்காரி.

"ஏய் பொம்பளைங்களா, என்ன வேடிக்கை? திரும்புங்கடி," என்றாள்.

சொல்லிவிட்டு யாஸீனின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பக்கத்திலிருந்தவள் எழுந்து திரும்பினாள். அதற்கடுத்தவள். ஏழு முதுகுகள் வரிசையாக நின்றன, தோளில் தொங்கும் பைகளோடு. டாக்டர் லபீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று அவருக்குத் தெரியாது. பேனாவை என்னிடம் நீட்டினார். நான் பேனாவை வாங்கி, தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மூடினேன்.

பிறகு அவள் குரல் வந்தது. முதலில் கம்மி, போகப் போகத் தெளிந்தது.

"ஜீஹான் நல்லா இருக்கா. இருநூத்தி நாப்பது. ஒரு பங்கும் வைக்கல." மூச்சு வாங்கினாள். "தட்டுல போடுறதை ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்ல டாக்டர்."

யாரும் திரும்பவில்லை. சுவர்ப் பக்கத்திலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அன்றே பையை நிறுத்தினோம். ஆனால் நெஞ்சுக் குழாயை இன்னும் மூன்று மாதம் எடுக்கவில்லை, அந்த மூன்று மாதமும் போன் அடித்தால் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். குழாயை எடுத்த அன்றைக்கு, "இப்ப எப்படி இருக்கே?" என்று நஜ்லாவைக் கேட்டேன். "நான் தார்," என்றாள். "அவளைப் பத்திக் கேக்காதீங்க."

ஜீஹானின் ஃபைலில் எல்லா எண்களும் வரிசையாக, நேராக இருக்கின்றன. அந்த 240 மட்டும் கட்டத்தைவிட்டு இறங்கி, பக்கத்துக் கட்டத்தில் பாதி ஏறிக் கோணலாகக் கிடக்கிறது. புதிதாக வந்த டாக்டர் ஒருத்தர் இது யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன்.